தோபியாவின் நாயும் நம் விடுமுறைப் பயணமும்

விவிலியத்தில் நாய்க்கு நல்ல பெயர் வாய்த்த இடங்கள் மிகச் சிலவே. தெருவில் திரிந்து எச்சிலைப் பொறுக்கும் பிராணியாகவும், பகைவர்க்கு உவமையாகவுமே அது பெரும்பாலும் பேசப்படுகிறது. ஏழை இலாசரின் புண்களை நாய்கள் வந்து நக்கின என்று நம் ஆண்டவர் கூறியதும் அந்த ஏழையின் அவலத்தைக் காட்டுவதற்காகவே. ஆனால் தோபித்து ஆகமத்தில் மட்டும் நாய்க்கு ஓர் இனிய இடம் அமைந்திருக்கிறது. பார்வையிழந்த தந்தையின் பணத்தைப் பெற்றுவர இளைஞன் தோபியா நினிவே நகரிலிருந்து மேதியா நாட்டிற்குப் புறப்படுகிறான். மனித உருவில் இரபேல் வானதூதர் அவனுக்கு வழித்துணையாகிறார். வீட்டு நாயும் அவர்கள் பின்னே செல்கிறது. பயணம் முடிந்து திரும்பும்போதும் அது கூடவே வருகிறது. புனித எரோணிமுஸின் இலத்தீன் மொழிபெயர்ப்போ, அந்த நாய் முன்னே ஓடி, நல்ல செய்தி கொணரும் தூதனைப்போல் வாலை ஆட்டி மகிழ்ந்ததாகவே வருணிக்கிறது.

அந்த நாயின் பெயர் என்ன, நிறம் என்ன என்பதையெல்லாம் ஆகமம் கூறவில்லை. அது எந்த வீரச்செயலும் புரியவில்லை. குடும்பத்தோடு சென்றது, குடும்பத்தோடு திரும்பியது. வீட்டு நாயின் இலக்கணமே இதுதான் அன்றோ!

இத்திங்கள் இப்பகுதியில் இந்த நாயைப்பற்றி நாம் பேசத் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. நம் பங்குகளிலிருந்து மணமாகியும் பணி நிமித்தமாகவும் அயல்நாடு சென்று குடியேறிய பிள்ளைகள் இன்று பலர். இங்கிலாந்தில் வாழும் அத்தகைய குடும்பங்களில் குழந்தைகளின் வற்புறுத்தலால் ஒரு நாயும் வந்து சேர்ந்துவிடுகிறது. கோடை விடுமுறை வருகிறது. காரிலேயே கடலைக் கடந்து பிரான்சு நாட்டிற்குச் சென்று, லூர்து அன்னையின் திருத்தலத்தைத் தரிசித்துவரக் குடும்பம் விரும்புகிறது. அப்போது எழும் முதற்கேள்வி, நாயை என்ன செய்வது என்பதுதான். தோபியாவை எல்லையில் நிறுத்தி, உன் நாய்க்குச் சான்றிதழ் எங்கே என்று எவரும் கேட்கவில்லை. இன்று கேட்பார்கள். கேட்பதற்கு நியாயமும் இருக்கிறது. அதை முதலில் அறிந்துகொள்வது நலம்.

எல்லையில் ஏன் இத்தனை கண்டிப்பு?

நாய்க்கடியால் பரவும் வெறிநோய்க்கு அஞ்சியே இவ்விதிகள் பிறந்தன. அந்நோயின் அறிகுறிகள் மனிதனிடம் தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை எனலாம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் தெருக்களிலும் இந்நோய் இருந்தது. நாய்கள் பொதுவிடத்தில் வாய்க்கூடு அணிந்தே வரவேண்டும் என்று அரசு கட்டளையிட்டபோது நாய் வளர்ப்போர் கடுமையாக எதிர்த்தனர். எனினும் அரசு தளரவில்லை. 1902-ஆம் ஆண்டளவில் நோய் அந்நாட்டைவிட்டு அகன்றது. முதல் உலகப்போர் முடிவுற்ற 1918-இல், ஐரோப்பாவிலிருந்து நாடு திரும்பியோர் ஒளித்துக் கொணர்ந்த நாய்களால் அது மீண்டும் நுழைந்தது. அதை மறுபடி விரட்ட 1922 வரை பாடுபட வேண்டியதாயிற்று. போர்க்களத்தில் தன்னோடு உண்டு உறங்கிய நாயைப் பிரிய மனமில்லாத சிப்பாயின் அன்பை நாம் குறைகூற விரும்பவில்லை. ஆயினும் அந்த அன்பு அயலானின் பிள்ளையை எண்ணிப் பார்க்கவில்லை என்பதையும் மறுப்பதற்கில்லை.

இதனால் வெளிநாட்டிலிருந்து வரும் நாய் எதுவாயினும் 6 மாதம் தனிமைக் காவலில் இருந்தே ஆகவேண்டும் என்னும் விதி ஏறத்தாழ நூறாண்டு காலம் இங்கிலாந்தில் நிலவியது. அதுவும் முழுக் காப்பாக அமையவில்லை. 1969-இல் ஜெர்மனியிலிருந்து வந்து, 6 மாதக் காவலை முறையாக முடித்து வெளிவந்த ஒரு நாய்க்குச் சில நாட்களிலேயே கேம்பர்லி என்னும் ஊரில் வெறி கண்டது. அடைத்து வைப்பதைவிடத் தடுப்பூசி போட்டு, அது நாயின் உடலில் பலித்திருப்பதை உறுதிசெய்வதே நம்பத்தக்க வழி என்னும் கருத்து பின்னாளில் வலுப்பெற்றது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் தனிமைக் காவலுக்கு மாற்றாகத் தடுப்பூசியையும் சான்றிதழையும் ஏற்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின்னரே சாதாரணக் குடும்பங்கள் நாயோடு விடுமுறைக்குச் சென்று திரும்புவது எளிதாயிற்று.

வரிசை தவறலாகாது

நாயை அழைத்துச் செல்ல விரும்பும் குடும்பம், பெட்டிகளைக் கட்டும் வாரத்தில் அதைப்பற்றி எண்ணத் தொடங்கினால் காலம் கடந்துவிட்டதென்றே கொள்ளவேண்டும். இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே கால்நடை மருத்துவரைக் காண்பது முறை.

முதலாவது, அடையாளம். அரிசி மணியளவுள்ள மைக்ரோசிப் ஒன்றை நாயின் கழுத்துப்புறத் தோலின்கீழ் மருத்துவர் ஊசியால் செலுத்துவார். உலகத்தர அளவுப்படி அமைந்த சிப்பில் 15 இலக்க எண் ஒன்று இருக்கும். அதற்குரிய கருவியைக் காட்டினால் எண் தெரியும். நாய் வழிதவறினாலும் உரியவரிடம் சேர்ப்பதற்கு அந்த எண் உதவும். ஆனால் ஒன்று: அந்த எண்ணோடு பதிவு செய்துள்ள முகவரியும் தொலைபேசியும் பழையனவாக இருந்தால் பயனில்லை. வீடு மாறியவர்கள் பதிவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். சாலையில் தொலைந்த நாய்க்கு, வீட்டிலுள்ள தொலைபேசியைவிட நம் கையிலுள்ள கைபேசியின் எண்ணே உதவும்.

இரண்டாவது, வெறிநோய்த் தடுப்பூசி. இதனைச் சிப்பு பொருத்தியபின் அல்லது அதே வேளையில் போடவேண்டும். சிப்பு இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி பயணத்திற்குக் கணக்கில் வராது. இந்த நாய்க்குத்தான் போடப்பட்டது என்பதற்குச் சான்றில்லை அல்லவா? நாய்க்குட்டி பிறந்து 12 வாரமாவது நிறைந்திருக்க வேண்டும். முதல் ஊசி போட்ட நாளைச் சுழியாகக் கொண்டு 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். ஜூலை 1-ஆம் நாள் ஊசி போட்டால் 22-ஆம் நாளுக்கு முன் புறப்பட இயலாது. ஊசி போட்டவுடன் காப்பு வந்துவிடுவதில்லை. உடல் அதனை உண்டாக்கிக்கொள்ள அத்தனை நாள் தேவைப்படுகிறது. அடுத்தடுத்த ஊசிகளைத் தவணை தவறாமல் போட்டுவந்தால் மீண்டும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒருநாள் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதே.

மூன்றாவது, சான்றிதழ். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகியபின், 2021 ஜனவரி 1 முதல், பிரிட்டனில் வழங்கிய நாய்ப் பாஸ்போர்ட்டுகள் ஐரோப்பாவில் செல்லாதனவாயின. அவற்றிற்குப் பதிலாக, புறப்படுவதற்கு முந்தைய 10 நாட்களுக்குள் அதிகாரம் பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் நாயைப் பார்த்துக் கையொப்பமிட்ட நலச்சான்றிதழ் ஒன்று பயணத்திற்குப் பயணம் தேவை என்றாயிற்று. இச்சான்றிதழுக்கே நூறு பவுனுக்கு மேல் பெறும் மருத்துவர்கள் உண்டு. 2025 மே மாதத்தில் இருதரப்பும் கண்ட இணக்கத்தில் பழைய பாஸ்போர்ட் முறைக்குத் திரும்புவது பற்றியும் பேசப்பட்டது. விதிகள் இவ்வாறு மாறிக்கொண்டே இருப்பவை. ஆகவே சென்ற ஆண்டு போய்வந்த நண்பர் சொன்னதை நம்பிப் புறப்படாமல், அன்றைய விதியை மருத்துவரிடமும் அரசின் அறிவிப்பிலும் கேட்டறிவதே அறிவுடைமை.

வேறொன்றையும் கூறவேண்டும். பிரான்சு நாட்டில் பிட்புல் வகை நாய்கள் சில நுழையவே தடை உண்டு. ராட்வைலர் போன்றவை பொதுவிடத்தில் கயிறும் வாய்க்கூடும் இன்றிச் செல்லலாகாது. தம் நாய் எந்த வகை என்பதை வீட்டார் முன்னரே தெளிந்துகொள்ள வேண்டும்.

நம் நாட்டிலிருந்தே நாயை ஐரோப்பாவிற்கு அழைத்துச் செல்ல எண்ணுவோர்க்குக் காலம் இன்னும் அதிகமாகும். வெறிநோய் பரவலாக உள்ள நாடுகளின் வரிசையில் நாம் இருப்பதால், ஊசி போட்டு 30 நாட்களாவது கழிந்தபின் நாயின் இரத்தத்தை எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும். நோயெதிர்ப்புத் திறன் வேண்டிய அளவு இருந்தால், இரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருந்தே அழைத்துச் செல்லலாம். ஆக, நான்கு மாதங்களுக்குக் குறையாமல் ஆகும். சில வார விடுமுறைக்காக இதனைச் செய்வார் அரிது, குடிபெயர்வோரே செய்கின்றனர்.

நாயின் மனத்தையும் தயாரிப்போம்

தாள்கள் சரியாக இருந்தால் மட்டும் போதாது. பயணம் என்றால் என்னவென்று நாய்க்குத் தெரியாது. வழக்கமான மூலை, வழக்கமான தெரு, வழக்கமான வேளையில் உணவு என்று வாழும் பிராணியைத் திடுமெனக் காரில் ஏற்றி ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுசெல்லுதல் அதற்கு அச்சத்தையே தரும்.

ஆகையால் ஒரு மாதத்திற்கு முன்பே அது படுத்துச் செல்லும் கூண்டை வீட்டிற்குள் வைத்து, கதவைத் திறந்து விட்டு, அதற்குப் பழகிய துணியை உள்ளே விரித்து, அங்கேயே உணவு கொடுக்கலாம். நாய் தானாகவே அதனுள் சென்று உறங்கத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. பின்னர் காரில் பத்து நிமிடம், அரைமணி, ஒரு மணி என்று சிறிது சிறிதாகப் பழக்குக. ஒவ்வொரு பயணமும் மருத்துவரின் வீட்டில் முடிந்தால் எந்த நாயும் காரை வெறுக்கும். சில பயணங்களாவது புல்வெளியில் முடியட்டும்.

பயண நாளில் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்னரே இலேசான உணவு கொடுத்துவிடுதல் நன்று. வயிறு நிறைய உண்டு காரில் ஏறினால் வாந்தி வரும். குடிநீர் எப்போதும் இருக்கட்டும். இரண்டு மணிக்கொருமுறை நிறுத்தி, கழுத்துப்பட்டையில் கயிறு பூட்டிய பிறகே கதவைத் திறந்து, நடக்க விடுக. அறியாத ஊரின் நெடுஞ்சாலையோரத்தில் ஓடிவிட்ட நாயைத் தேடுவது எளிதன்று. தூக்க மருந்து கொடுத்து அழைத்துச் செல்லலாமா என்று சிலர் வினவுவர். மருத்துவர் அந்த நாய்க்கென்று எழுதித் தந்தாலன்றி எதுவும் கொடுக்கலாகாது.

கடலைக் கடக்கும் வழிகளில், போக்ஸ்டனிலிருந்து கலே வரை கடலடிச் சுரங்கத்தில் காரை ஏற்றிச் செல்லும் இரயில் நாய்க்கு எளியது. 35 நிமிடப் பயணத்தில் வீட்டாரும் நாயும் காரிலேயே சேர்ந்திருக்கலாம். கப்பல்களில் நாய் காரிலேயே தனித்திருக்க நேர்வதும், சிலவற்றில் அதற்கென அறை கிடைப்பதும் உண்டு. முன்னரே கேட்டறிய வேண்டும். விமானத்தில் பிரிட்டனுக்குத் திரும்பும் நாய், துணைநாயாக இருந்தாலன்றி, சரக்குப் பகுதியிலேயே வரவேண்டும். தட்டை முகமுள்ள பக், புல்டாக் போன்ற இனங்கள் மூச்சுவிடவே இடர்ப்படுபவை. விமானப் பயணமும் கோடை வெயிலும் அவற்றிற்கு உயிராபத்து.

வெயில் என்றோம். மனிதனைப்போல் நாய்க்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி மூச்சிரைத்தே அது வெப்பத்தை வெளியேற்றுகிறது. வெளியே 22 டிகிரி என்னும் இதமான வெப்பநிலையிலும், மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரிவரை ஏறக்கூடும். வழியிலுள்ள ஆலயமொன்றில் நுழைந்து ஒரு செபமாலை சொல்லி வருவதற்குள் காரில் விட்ட நாய் இறந்துபோகலாம். சன்னலைச் சிறிது திறந்து வைப்பது போதவே போதாது. வீட்டாரில் ஒருவர் நாயோடு நிழலில் இருப்பதும், பின்னர் முறை மாறிக்கொள்வதுமே வழி.

தெற்கில் காத்திருக்கும் சிற்றுயிர்கள்

இங்கிலாந்தின் குளிரில் இல்லாத நோய்கள் சில தெற்கு ஐரோப்பாவில் உண்டு. மத்தியதரைக் கடலையொட்டிய பகுதிகளில் கொசுவினும் சிறிய மணல் ஈ என்னும் பூச்சி, மாலை மயங்கும் நேரம் முதல் விடியும்வரை கடிக்கும். லீஷ்மேனியாசிஸ் என்னும் நோயை அது நாய்க்குத் தருகிறது. பல மாதங்கள், சிலவேளை ஆண்டுகள் கழித்தே தோலில் புண்ணும் உடல் மெலிவும் சிறுநீரகக் கோளாறும் தோன்றும். விடுமுறையை மறந்துபோன பின்னர் வரும் நோய் இது. பூச்சியை விரட்டும் மருந்தேறிய கழுத்துப்பட்டையைப் புறப்படுமுன்னரே அணிவிப்பதும், இரவில் நாயை வீட்டிற்குள் படுக்க வைப்பதும் காப்பாகும். பூச்சியை விரட்ட நாய்க்குத் தடவும் மருந்துகளில் பெர்மெத்திரின் கலந்தவை பூனைக்கு நஞ்சு. வீட்டில் பூனையும் இருப்போர் இதை மறவாதிருக்க.

கொசுக்கடியால் இதயப்புழு வரும். இதற்கு மாதந்தோறும் கொடுக்கும் மருந்து உண்டு. பிரான்சு நாட்டின் உண்ணிகள் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் பேபிசியா நோயைத் தருவன. புல்வெளியில் நடந்து வந்த ஒவ்வொரு மாலையும் நாயின் காது மடிப்பு, கழுத்து, கால்விரல் இடுக்கு, வயிறு ஆகியவற்றைக் கையால் தடவிப் பார்த்து உண்ணியைக் களைய வேண்டும். வீட்டுக் குழந்தைகளுக்கு இப்பணியைக் கற்றுக்கொடுக்கலாம். நாயோடு விளையாடுவது மட்டுமன்று, அதைப் பேணுவதும் தம் கடமை என்பதை அவர்கள் அப்போது உணர்வர்.

திரும்பும் வழியில் ஒரு மாத்திரை

புறப்படுகையில் கவனமாக இருக்கும் குடும்பங்களும் தடுமாறுவது திரும்பும்போதுதான். ஐரோப்பாவின் பல பகுதிகளில் நரிகளிடம் காணப்படும் ஒரு நுண்ணிய நாடாப்புழு பிரிட்டனில் இல்லை. எலி போன்ற சிறு பிராணிகளைத் தின்னும் நாய்க்கும் அது தொற்றும். நாய்க்கோ அதனால் துன்பம் எதுவுமில்லை. அது துள்ளி விளையாடிக்கொண்டே இருக்கும். ஆனால் அதன் முட்டைகள் மனிதனின் வயிற்றுக்குள் சென்றால், ஈரலில் கட்டியாகப் பரவி, பல்லாண்டுகள் வெளியே தெரியாமல் வளர்ந்து உயிருக்கே கேடு விளைவிக்கும். ஆகவே பிரிட்டனுக்குள் நுழைவதற்கு 24 மணி நேரத்திற்குக் குறையாமலும் 120 மணி நேரத்திற்கு மேற்படாமலும், ஒரு கால்நடை மருத்துவர் நாய்க்குப் புழு மருந்து கொடுத்து, நாளையும் மணியையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

சனிக்கிழமை நண்பகல் கலேயில் எல்லை கடக்க வேண்டுமாயின், திங்கள் நண்பகலுக்கும் வெள்ளி நண்பகலுக்கும் இடையே மருந்து கொடுத்திருக்க வேண்டும். வீட்டார் தாமே வாங்கிக் கொடுத்தால் செல்லாது. லூர்து நகருக்குச் செல்வோர் பலர் மரியன்னையின் விண்ணேற்பு விழாவை ஒட்டியே செல்கின்றனர். ஆகஸ்டு 15 பிரான்சு நாடெங்கும் விடுமுறை நாள். அன்று மருத்துவரைத் தேடி அலைவதைத் தவிர்க்க, வீட்டிலிருந்து புறப்படுமுன்னரே, திரும்பும் வழியிலுள்ள ஊரில் மருத்துவர் ஒருவரிடம் நாளும் நேரமும் குறித்து வைத்தல் வேண்டும். இதில் தவறினால் எல்லையில் நாயைத் தடுத்து நிறுத்துவர். குடும்பமும் அதனோடு நிற்க நேரிடும்.

இம்மருந்தை நாம் சற்று விரிவாகக் கூறியதற்குக் காரணம் உண்டு. வெறிநோய் ஊசி நாயையும் காக்கிறது, நம்மையும் காக்கிறது. இந்த மாத்திரையோ முழுதும் பிறருக்காக. நம் நாய்க்கும் தீங்கில்லை, நமக்கும் இன்று எதுவும் தெரியாது. என்றோ ஒருநாள் நாம் காணாத ஒருவருக்கு வரக்கூடிய துன்பத்தை நாம் இன்று தடுக்கிறோம். பிறரன்பு என்று ஞாயிறுதோறும் கேட்கும் சொல் இவ்வாறு ஒரு மருந்துச் சீட்டிலும் அமைந்திருக்கக் காண்கிறோம்.

அழைத்துத்தான் செல்லவேண்டுமா?

இத்தனையும் கேட்டபின் ஒரு தாய், நாயை வீட்டிலேயே விட்டுச்செல்வது அன்பில்லாத செயலாகுமோ என்று வினவலாம். ஆகாது என்பதே நம் விடை. விடுமுறை வேண்டுமென்று நாய் கேட்கவில்லை. நாம் கேட்கிறோம். முதிர்ந்த நாய், நோயுற்ற நாய், சினையுற்ற நாய், கூட்டத்தைக் கண்டு நடுங்கும் நாய், தட்டை முகத்தால் மூச்சிரைக்கும் நாய் ஆகியவற்றை நடுக்கோடையில் தெற்கே இழுத்துச் செல்வது அன்பின் பெயரால் செய்யும் கொடுமை. பழகிய உறவினரோ அயலாரோ வீட்டிற்கு வந்து பார்த்துக்கொள்வது அவற்றிற்கு நலம். அத்தகையோர் கிடைக்காதபோது நல்ல நாய்க்காப்பகத்தை நேரில் சென்று பார்த்து, வேண்டிய தடுப்பூசிகளைப் போட்டு, ஓரிரவு தங்கவைத்துப் பழக்கிய பின் விடலாம். வீட்டில் எவரையும் ஏற்பாடு செய்யாமல், சோற்றைக் குவித்து வைத்து அடைத்துச் செல்வதும், தெருவில் அவிழ்த்து விடுவதும் மட்டும் கிறிஸ்தவர்க்கு அடாது.

இவ்விடத்தில் திருச்சபையின் போதனை நமக்குச் சரியான நிறைகோலைத் தருகிறது. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 2415 முதல் 2418 வரையுள்ள எண்களில் விலங்குகளைப்பற்றிப் பேசுகிறது. அவை கடவுளின் படைப்புகள். அவற்றிடம் கனிவு காட்டுவது நம் கடன். தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே இழுக்கு என்று அது கற்பிக்கிறது. அதே மூச்சில், மனிதரின் துயர் துடைக்க முதலில் செல்லவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது, மனிதருக்கே உரிய அன்பை அவற்றின்மேல் திருப்புவதும் தகாது என்றும் எச்சரிக்கிறது.

இரண்டையும் சேர்த்தே நாம் ஏற்கவேண்டும். சிப்பு, ஊசி, சான்றிதழ், மருந்து, பயணக் கட்டணம் எனச் செலவிட்டு நாயை லூர்துக்கு அழைத்துச் செல்லும் குடும்பம், ஊரில் தனித்திருக்கும் முதிய தாய்க்கு இவ்வாண்டு என்ன அனுப்பினோம் என்பதையும் எண்ணிப் பார்க்கட்டும். நாய்க்கு நலம் விசாரிக்கும் தொலைபேசி அழைப்பு ஒவ்வொரு மாலையும் செல்கிறது. தாய்க்கு மாதம் ஒருமுறை செல்கிறது என்றால், குற்றம் நாயினுடையதன்று. மறுபுறம், ஏழைக்குக் கொடுக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு தம் பொறுப்பிலுள்ள பிராணியைப் பட்டினி போடுவோரும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் ஏழைக்கும் கொடுப்பதில்லை என்பதே உலகியல்.

நம் ஊருக்கு இதில் என்ன?

அயல்நாட்டு விதிகளைப் படிக்கும் நம் பங்கு மக்கள், இது எங்கோ உள்ள செல்வர்க்கான செய்தி என்று தாளைப் புரட்டிவிடலாகாது. எந்த நோய்க்கு அஞ்சி அந்நாடுகள் எல்லையில் காவல் வைத்தனவோ, அந்நோய் நம் தெருவிலேயே இருக்கிறது. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் வெறிநோயால் இறப்பதாகவும், உலக இறப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் நிகழ்வதாகவும் உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. வெறிநாய் என்று ஐயுறும் நாயிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர்.

இத்தனைக்கும் தடுக்கும் வழி தெரியாமலில்லை. 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் லூயி பாஸ்டர் பாரிசில், வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவன் யோசேப்பு மைஸ்டருக்குத் தம் தடுப்பு மருந்தைக் கொடுக்கச் செய்து காப்பாற்றினார். அதன்பின் நம் நாட்டில் 1900-இல் இமயச்சாரலில் காசௌலியிலும், தெற்கே 1907-இல் நம் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் தோன்றின. 2021-இல் நடுவண் அரசு, 2030-ஆம் ஆண்டுக்குள் நாய்வழி வெறிநோயை ஒழிக்கும் செயல்திட்டத்தை வெளியிட்டது. ஓர் ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு 70-க்காவது ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டு வந்தால் நோய் பரவும் சங்கிலி அறுந்துபோகும் என்பது அறிஞர் கண்ட உண்மை.

ஆகவே நம் வீட்டு நாய் கடல் கடக்கப் போவதில்லையாயினும் அதற்கு ஊசி போடுவது நம் கடமை. நாய் கடித்தால், அது வீட்டு நாயேயாயினும், காயத்தை உடனே ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுக. மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் அப்ப வேண்டா. மந்திரித்துக் கயிறு கட்டுவதால் எதுவும் ஆகாது. அன்றே மருத்துவமனைக்குச் சென்று முழுத் தவணை ஊசியையும் போட்டுக்கொள்க. இரத்தம் கசிந்த காயமாயின் காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்பு மருந்தையும் கேட்டுப் பெறுக. வலி குறைந்துவிட்டது என்று இரண்டு ஊசியோடு நிறுத்துவது உயிரோடு விளையாடுவதாகும். ஏசுவார் என்று அஞ்சிப் பிள்ளைகள் கடிபட்டதை மறைப்பதுண்டு. மறைக்காமல் வந்து சொல்லும்படியான கனிவை வீட்டில் வளர்ப்பது பெற்றோரின் பொறுப்பு.

செப்டம்பர் 28 உலக வெறிநோய் எதிர்ப்பு நாள். பாஸ்டர் இறந்த நாளும் அதுவே. அடுத்த வாரமே, அக்டோபர் 4-இல், அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்குவின் திருநாள். அன்று வளர்ப்புப் பிராணிகளை ஆலய முற்றத்தில் மந்திரித்து ஆசீர்வதிக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. நம் பங்குகளிலும் அவ்வாறு செய்யலாம். வட்டாரக் கால்நடை மருத்துவரையும் அன்று அழைத்து, குருவானவரின் தீர்த்தத்தோடு மருத்துவரின் ஊசியையும் வீட்டு நாய்களுக்கும் தெரு நாய்களுக்கும் வழங்க ஏற்பாடு செய்தால், வின்சென்ட் தே பவுல் சபையாரும் இளைஞர் இயக்கத்தாரும் செய்யத்தக்க நற்பணியாக அது அமையும். கொள்ளைநோயுற்றுக் காட்டில் கிடந்த புனித ரோக்கிற்கு ஒரு நாய் நாள்தோறும் அப்பம் கொணர்ந்தது என்பது மரபுவழிச் செய்தி. அந்தக் கைம்மாறாகவேனும் நாம் இதைச் செய்யலாகாதா?

அயல்நாட்டில் உள்ள பிள்ளைகளுக்கு இவ்விதழை அனுப்பி வைக்கும் பெற்றோர், இவ்வாண்டு மேலே கூறிய பயண விவரங்களைக் கோடிட்டு அனுப்புக. நம் ஊர்ப் பகுதியைத் தாமே வைத்துக்கொண்டு, நாய் வளர்க்கும் அயலாரோடு அமர்ந்து படிக்க. பயணம் செல்லும் குடும்பங்கள் அனைத்திற்கும் இரபேல் வானதூதர் வழித்துணையாய் இருப்பாராக.